நல்லாத்தானே இருக்கு

திருச்சிக்காரர்களுக்கு ரெகுலேட்டர் என்ற சொல் மூன்று இடங்களில் அறிமுகமாகும். ஃபேன் வேகத்தைத் திருகுவது ஒன்று. அடுப்படியில் சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருப்பது இரண்டாவது. மூன்றாவது முக்கொம்பில், ஆற்றுக்குக் குறுக்கே. மேலணையின் மதகு வரிசைக்கும் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். எனக்கு நான்காவதாக ஒன்று முப்பது வயதுக்கு மேல் வந்து சேர்ந்தது. புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா கற்றுக்கொண்டபோது வாயில் கடித்துக்கொண்டது.

ஸ்கூபா சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. அதை அப்படியே நுரையீரலுக்குள் விட முடியாது. சிலிண்டர் வாயில் பொருத்தும் முதல் நிலை அதைச் சுமார் 10 பாருக்கு இறக்கும். வாயில் இருக்கும் இரண்டாம் நிலை, நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தரும். ஒரு ரப்பர் சவ்வு, ஒரு நெம்புகோல், ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான்.

இதன் பூர்வீகம் அடுப்படிக்குப் பக்கத்து வீடு. இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களை எரிவாயுவில் ஓட்ட எமீல் காக்நான் என்ற பொறியாளர் ஒரு ரெகுலேட்டர் செய்திருந்தார். அதைக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவுடன் சேர்ந்து 1943-இல் மூச்சுக்கு மாற்றினார்.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறைக்கு ஐந்து நிமிட நடையில் வாழ்பவர். ஆற்றில் போனவர்களின் கணக்கு அவருக்கு மனப்பாடம். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "நடுவுல நின்னு போச்சுன்னா?"

பெரும்பாலும் நிற்காது என்பதுதான் பதில். பழுதானால் மூடிக்கொள்ளாமல் திறந்துகொள்ளும்படி இதை வடிவமைத்திருக்கிறார்கள். காற்று கொட்டும், வீணாகும், சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். ஆனால் மேலே வர நேரம் கிடைக்கும். கூடுதலாக இன்னொரு வாய்த்துண்டு தொங்கும், பக்கத்தில் கூட்டாளி இருப்பார். "எப்படிக் கெடணும்னு யோசிச்சு செஞ்சிருக்காங்கம்மா" என்றேன். அம்மா சமாதானம் ஆகவில்லை. "யோசிக்காத மாதிரி கெட்டா?"

அந்தக் கேள்விக்கு உலகம் கண்டுபிடித்திருக்கும் பதிலின் பெயர் ரீகால். விற்ற பொருளை, குறை தெரிந்ததும், செய்தவரே திரும்பக் கேட்பது.

சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தில்லைநகர் நண்பன் ஒருவன் தன் ரெகுலேட்டரை எனக்குக் கொடுத்தான். அவனே அங்கு யாரிடமோ பழையதாக வாங்கியது. கடலுக்குள் கொண்டுபோகும் முன் அதன் வரிசை எண்ணைத் தேடினேன். முதல் நிலையின் ஒரு பாகத்துக்காகச் சில ஆண்டுகளுக்கு முன்பே திரும்பக் கேட்கப்பட்ட தொகுதியில் அது இருந்தது. நண்பனுக்கு ஃபோன் செய்தேன். "நாப்பது டைவ் போயிருக்கேன்டா. நல்லாத்தானே இருக்கு?"

அவன் சொன்னது உண்மை. அது எதையும் நிரூபிக்காத உண்மை, அதுதான் சிக்கல்.

என் தொழிலுக்குப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. 1990-களின் நடுவில் யுவாடெக் நிறுவனம் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் என்ற டைவ் கணினியை விற்றது. உடலில் எவ்வளவு நைட்ரஜன் தங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு, அடுத்து எவ்வளவு நேரம் ஆழத்தில் இருக்கலாம் என்று சொல்லும் கருவி. நைட்ராக்ஸ் என்பது நைட்ரஜன் குறைந்த, ஆக்சிஜன் கூடிய கலவை. மேலே வந்து படகில் உட்கார்ந்திருப்பவர் சாதாரணக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். அந்த மென்பொருளோ, அப்போதும் அவர் நைட்ராக்ஸையே சுவாசிப்பதாக எடுத்துக்கொண்டது. அதனால் உடலிலிருந்து நைட்ரஜன் வேகமாக வெளியேறிவிட்டதாகக் கணக்கிட்டு, அடுத்த டைவுக்கு அதிக நேரம் கொடுத்தது. திரை ஒளிர்ந்தது, எண்கள் வந்தன, எதுவும் தொங்கவில்லை. 2003-இல்தான் அவை திரும்பக் கேட்கப்பட்டன. அதுவரை அணிந்திருந்த ஒவ்வொருவருக்கும் அது நல்லாத்தானே இருந்திருக்கும்.

முக்கொம்பும் அப்படித்தான். ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய மேலணை. நூற்றெண்பது வருஷம் நின்றதே, இன்னும் நிற்கும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய கணக்கும். 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. நீண்ட காலம் நின்றது என்பதை வலிமையின் சான்றாகப் படிக்கிறோம். அது வயதின் சான்றாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் ரீகாலுக்குச் சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குக் கொடுக்கிறது. ஆனால் உத்தரவு யாரைப் போய்ச் சேரும்? முதலில் பில் போட்டு வாங்கியவரை. நம் ஊரில் பொருள்கள் அங்கே நிற்பதில்லை. அண்ணன் பைக் தம்பிக்கு, வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் வேலைக்கு வரும் அக்காவுக்கு. மூன்றாவது கைக்கு வரும்போது பொருள் மட்டும்தான் வருகிறது. எச்சரிக்கை முதல் வீட்டு மின்னஞ்சலிலேயே கிடக்கும். பழுதான மென்பொருளுக்கு நாங்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தம் அனுப்பிவிடுவோம். பரணில் கிடக்கும் பித்தளைக்கு எதை அனுப்புவது?

இதற்கும் அடுப்படியில் ஒரு பதில் இருக்கிறது. சமையல் எரிவாயு சிலிண்டர் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை, வீடு வீடாகச் சுற்றுவது. அதனால் அதன் கதையை அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறார்கள். கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் பாருங்கள், ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி என்றால் ஏப்ரலிலிருந்து ஜூன், அப்படியே டி வரை. எண் ஆண்டு. அதற்குள் மறுசோதனை நடக்க வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் அந்த எழுத்தும் கூடவே போகும். படிக்கத் தெரிந்தால் போதும்.

நண்பனின் ரெகுலேட்டரைச் சர்வீசுக்கு அனுப்பினேன். அந்தப் பாகத்தை மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். காசு கேட்கவில்லை. அதன் குழாயில் இப்போது ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்குகிறது. வரிசை எண், எந்தப் பாகம், என்று மாற்றியது, அடுத்த சர்வீஸ் எப்போது. அழியாத மையில் எழுதி ஒயரால் முறுக்கிக் கட்டியிருக்கிறேன். எனக்கு அப்புறம் இது யார் கைக்குப் போகும் என்று தெரியாது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்காது.

நண்பனுக்கு விற்றவரிடம் அதே வகையில் இன்னும் இரண்டு இருந்தனவாம். அவை யார் வாயில் இருக்கின்றன என்று அவனை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.