ஹகீமுக்கும் ஒரு தேர்வு

நம் பெரியவர்கள் சிலரிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு. யூனானி, அரபு நாடுகளில் செழித்து வளர்ந்த மருத்துவம். இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் நம் பிள்ளைகள் அதைப் பயில்கிறார்கள். அவ்வாறிருக்க, அதே அரபு மண்ணுக்கு மருத்துவம் செய்யப் போகிறவரை நிறுத்தி, "நீ படித்தது மெய்தானா? எங்கே படித்தாய்? யார் சாட்சி?" என்று கேட்பது முறையாகுமா என்பது அவர்களது கேள்வி. என் சகோதரியின் மகள் துபாயில் யூனானி மருத்துவராகப் பணியாற்ற உரிமம் வேண்டி விண்ணப்பித்த நாள் முதலாக இக்கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது பக்தாதின் கதையை.

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931-ஆம் ஆண்டு. அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிரின் ஆட்சி. மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் இறந்துபோன செய்தி கலீஃபாவுக்கு எட்டியது. உடனே, சந்தைகளையும் தொழில்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு ஆணை பிறந்தது: தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் தேர்வு செய்து அனுமதித்தவரைத் தவிர வேறெவரும் மருத்துவம் பார்க்கலாகாது. பக்தாதின் இரு கரைகளிலுமாக எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர். புகழ்பெற்ற மருத்துவர்களுக்கும் ஆட்சியாளரின் பணியில் இருந்தோருக்கும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. சலுகை அன்றைக்கும் இருந்திருக்கிறது பாருங்கள்!

அறிஞர்களின் வரலாற்றை எழுதிய இப்னுல் கிஃப்தீ இதையொட்டிய ஒரு நிகழ்ச்சியையும் பதிவு செய்திருக்கிறார். கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர் ஸினான் முன் வந்தமர்ந்தார். ஸினான் அவரை மதிப்புடன் நடத்தி, "யாரிடம் பாடம் கேட்டீர்கள்?" என்று வினவினார். முதியவர் பொற்காசுகளை எடுத்து முன்னே வைத்து, தமக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது என்றும், தம் குடும்பம் இத்தொழிலை நம்பியே இருக்கிறது என்றும், அதைத் துண்டித்துவிட வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டார். ஸினான் சிரித்துவிட்டார். தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் எடுப்பதும் பேதி மருந்து தருவதும் எளிய நோய்களுக்கன்றி ஆகாது என்ற நிபந்தனையுடன் அனுமதி தந்தார். காடியும் தேனும் சேர்த்துக் காய்ச்சும் ஸிகன்ஜபீனையும் இனிப்புப் பானகத்தையும் தாண்டி வாழ்நாளில் தாம் போனதே இல்லை என்றாராம் முதியவர். மறுநாள் அவருடைய மகன் வந்தார். தந்தையிடம் கற்றதாகச் சொன்னார். தந்தையின் எல்லையை மீறாதே என்று அவருக்கும் அனுமதி கிடைத்தது.

இந்த நிகழ்ச்சியில் என்னை ஈர்ப்பது ஸினான் விதித்த எல்லைதான். கல்வி குறைந்தவருக்குக்கூட அவர் வாசலை அடைத்துவிடவில்லை; எதுவரை போகலாம் என்று கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு அடிப்படை மார்க்கத்திலேயே இருக்கிறது. மருத்துவ அறிவு உடையவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், நேரும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. ஃபிக்ஹு அறிஞர்கள் மருத்துவரின் இழப்பீட்டுச் சட்டத்தை அதன் மீதே கட்டினார்கள்.

இனி இன்றைய நடைமுறைக்கு வருவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் வழங்குவோர் மூவர்: துபாய்க்குத் துபாய் சுகாதார ஆணையம், அபுதாபிக்கு அங்குள்ள சுகாதாரத் துறை, ஷார்ஜா முதலிய பிற பகுதிகளுக்கு மத்திய சுகாதார அமைச்சகம். இம்மூவரும் சேர்ந்து 2014-இல் பொதுவான தகுதி விதிகளை வகுத்தனர். யூனானி, ஆயுர்வேதம், ஹோமியோபதி, இயற்கை மருத்துவம் ஆகியவை பாரம்பரிய, நிரப்பு மருத்துவம் என்னும் தனித் தலைப்பின் கீழ் வருகின்றன. அங்கீகரிக்கப்பட்ட பட்டம், சொந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு, பட்டத்துக்குப் பின் பணி அனுபவம், அண்மையில் பெற்ற நன்னடத்தைச் சான்று, இவற்றுடன் கணினி வழித் தேர்வு ஒன்றும் உண்டு. ஆவணங்களை விண்ணப்பித்தவரிடம் வாங்கிப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. டேட்டாஃப்ளோ என்னும் நிறுவனத்தின் வழியாக, பட்டம் தந்த பல்கலைக்கழகத்துக்கும் பதிவு செய்த வாரியத்துக்கும் வேலை கொடுத்தவருக்கும் நேரடியாக எழுதிக் கேட்கிறார்கள். அவர்கள் "ஆம்" என்று பதில் எழுதினால்தான் சான்று சான்றாகும். எல்லாம் நிறைவேறிய பின்னும், அங்குள்ள மருத்துவமனையோ மருந்தகமோ ஒன்று வேலைக்கு எடுத்துக்கொண்டால்தான் உரிமம் உயிர் பெறும். தாமாக ஓர் அறை எடுத்துப் பலகை மாட்டிவிட முடியாது.

என் சகோதரி மகள் சென்னை அரும்பாக்கத்தில் 1979 முதல் இயங்கிவரும் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் பயின்றவள். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவம். வீட்டில் தமிழன்றி வேறொன்று அறியாத அவள் உருதுவை அலிஃபிலிருந்து தொடங்கிக் கற்றாள். கணவர் துபாயில் இருக்கிறார். அவரோடு சேர்ந்து வாழவும் வேண்டும், கற்ற கல்வியும் வீணாகக் கூடாது என்பது அவள் ஆசை. இவ்வளவு உழைத்துப் படித்தவளுக்குப் படிப்பில் எந்தத் தடையும் வரவில்லை. தடை வந்தது முதலில் பெயரில்.

நம் குடும்பங்களில் பெயர் படும் பாட்டைச் சொல்லி முடியாது. பள்ளிச் சான்றில் ஓர் எழுத்து முன்னொட்டாக நிற்கும் தந்தை, கடவுச்சீட்டில் முழுப் பெயராக விரிந்து பின்னால் போய் நிற்பார். "பீவி" ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் உதிர்ந்திருக்கும். முஹம்மது என்னும் பெயரை ஆங்கிலத்தில் ஆறேழு விதமாக எழுதுவோர் நாம். நிக்காஹ் முடிந்ததும் கணவர் பெயரைச் சேர்த்துக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கிறோம். இருவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். தொலைவில் இருந்து தாள்களைச் சரிபார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி, அதைச் சரிசெய்யவே மாதங்கள் கழிந்தன. பள்ளியில் சேர்க்கும் அன்றே பிள்ளைகளின் பெயரைப் பிறப்புச் சான்றிலும் ஆதார் அட்டையிலும் ஒரே எழுத்தில் எழுதிவைக்கும்படி பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தடை பெரிது. பட்டம் பெற்றபின் அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி மருத்துவராக வேலை பார்த்தாள். யூனானி, சித்த, ஆயுர்வேதப் பட்டதாரிகள் பலர் இப்படிப் பணியாற்றுவது ஊரறிந்த செய்தி. ஆங்கில மருத்துவர் வரும்வரை நோயாளிகளைக் கவனிப்பது, சொன்ன மருந்தை ஏற்றுவது, குறிப்பேட்டை நிரப்புவது என்று இரண்டாண்டுகள் அவள் கண்விழித்தாள். வெளியேறும்போது அழகான அனுபவச் சான்றும் கொடுத்தார்கள். ஆனால் சரிபார்ப்புக் கடிதம் வந்தபோது அந்த நிர்வாகம் வாய் திறக்கவில்லை. மும்முறை நினைவூட்டியும் பதிலில்லை. யூனானி மருத்துவரை ஆங்கில மருத்துவப் பணியில் வைத்திருந்தோம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை போலும். "சரிபார்க்க இயலவில்லை" என்ற குறிப்புடன் கோப்பு திரும்பி வந்தது.

பதில் வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்பதுதான் இதில் கசப்பான செய்தி. யூனானி உரிமத்துக்கு யூனானி மருத்துவம் செய்த அனுபவம் வேண்டும். ஆங்கில மருத்துவமனையில் கழிந்த இரவுகள் அந்தக் கணக்கில் வாரா. அவள் அழவில்லை, அவள் தாய்தான் அழுதாள். "மாமா, நான் இரண்டு வருஷம் வேலை பார்த்தது பொய்யில்லையே?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். பொய்யில்லை. ஆனால் அது அவள் கற்ற மருத்துவமும் அன்று. குறைந்த ஊதியத்துக்கு நம் பட்டதாரிகளை இரவுக் காவலுக்கு வைத்துக்கொள்வோரையும், வேறு வழியின்றி அதற்கு அவர்களைத் தள்ளும் நம் சமுதாயத்தையும்தான் நான் குறை சொல்வேன். வசதி படைத்த எத்தனை ஜமாஅத்துகள் ஒரு யூனானி மருந்தகம் வைத்து, இரண்டு இளம் ஹகீம்களுக்கு முறையான ஊதியம் கொடுத்திருக்கின்றன? திருமண மண்டபங்களுக்கு மட்டும் குறைவில்லை.

பிறகு அவள் ஓர் யூனானி மருந்தகத்தில் சேர்ந்து மீண்டும் இரண்டாண்டுகள் உழைத்தாள். கணவரைப் பிரிந்திருந்த காலம் அது. இடையில் ஒரு குழந்தையும் பிறந்தது. பணியில் நெடிய இடைவெளி விழுந்தால் அதற்கும் விளக்கமும் புதுப்பயிற்சியும் கேட்பார்கள் என்பதால், மகப்பேறு முடிந்த சில மாதங்களிலேயே மருந்தகத்துக்குத் திரும்பினாள். பெண் மருத்துவர்களுக்கு இவ்விதி கூடுதல் சுமைதான். ஆனாலும் நாள்தோறும் பார்த்த நோயாளிகளின் பதிவேட்டை ஒழுங்காக எழுதிவைத்தாள். இம்முறை எல்லா இடங்களிலிருந்தும் பதில் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், தேர்விலும் தேறிவிட்டாள். வேலைக்கு எடுக்கும் மருந்தகத்தை இப்போது தேடுகிறார்கள்.

அத்தேர்வைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கணினி, நாடியில் விரல் வைக்கும் கையை எப்படி அளக்கும்? அகத்தியர் வழி வந்த சித்தருக்கும் இப்னு ஸீனா வழி வந்த ஹகீமுக்கும் விரல்நுனியில் இருக்கும் அறிவு அதில் தெரியாது. ஸினான் எதிரே அமரவைத்துப் பேசினார். இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

எல்லா நாடுகளும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பாரம்பரிய இந்திய மருத்துவத்தையும், இஸ்லாமிய மருத்துவ முறை என ஒன்றையும் ஏற்று, பதிவைக் கட்டாயமாக்கியது. கனடாவின் ஒன்டாரியோவில் இயற்கை மருத்துவத்துக்கும் ஹோமியோபதிக்கும் 2015 முதல் தனி ஒழுங்குமுறை உண்டு. யூனானிக்கு அங்கே அப்படியொரு வாசல் இல்லை. போகும் நாட்டை முதலில் அறிந்து, பிறகு படிப்பைத் தேர்ந்தெடுப்பதே நலம்.

ஹிஜாமா செய்வோருக்கு இதைக் குறிப்பாகச் சொல்லத் தோன்றுகிறது. சில நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, குவளைகளைப் பெட்டியில் வைத்து, சுற்றுலா விசாவில் வளைகுடாவுக்குப் புறப்படும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். "சுன்னத்துக்கு உரிமம் எதற்கு, பாய்?" என்றார் என்னிடம். நபி (ஸல்) அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டது அபூதைபா என்னும், அத்தொழிலில் தேர்ந்தவரிடம். அதற்குரிய கூலியையும் கொடுத்தார்கள் என்றேன். தோலைக் கீறும் பிளேடும் இரத்தம் படும் குவளையும் தூய்மையாக இல்லாவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும் என்பதையும் சொன்னேன். சவூதி அரேபியாவிலேயே நிரப்பு மருத்துவத்துக்கென 2008-இல் ஒரு தேசிய மையம் அமைத்து, ஹிஜாமாவுக்கு உரிமம் வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அமீரகத்தில் உரிமமின்றி அடுக்குமாடி அறைகளில் இதைச் செய்து பிடிபட்டால் வழக்கு, தண்டனை, நாடு கடத்தல் வரை போகலாம்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார். அடுத்த மாதத்துக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டார் என்று அவருடைய தாயார் நேற்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.