எட்டாயிரம் மீற்றரும் கோமாரிக் கரையும்

கல்முனையில் பொத்துவில் பஸ்ஸில் ஏறினால் அக்கரைப்பற்று வரை ஊர் முடிவதே தெரியாது. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று கடையும் பள்ளிவாசலும் கோயிலும் மதிலோடு மதிலாக ஒட்டிக்கொண்டே வரும். திருக்கோவிலுக்கு அப்பால்தான் வெளி திறக்கும். கச்சான் காற்று தொடங்கிவிட்ட மே மாதம். திறந்த ஜன்னலால் மண் வந்து முகத்தில் அறைந்தது. சங்கமன்கண்டியை அண்டும்போது, "இலங்கையின் கிழக்கு அந்தம் இந்த முனைதான், மகன்" என்று பக்கத்திலிருந்தவனுக்குச் சொன்னேன். அவன் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அவன் என் ராத்தாவின் மகன். கட்டாரில் வேலை. அடுத்த லீவுக்கு ஊருக்கு வரமாட்டானாம். நேபாளம் போய் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடப்பானாம். அதற்குப் பிறகு காசு சேர்த்துப் "பெரிய மலை" ஒன்று. கூட வேலை செய்யும் நேபாளிப் பொடியன்கள் கிளப்பிவிட்ட ஆசை. ராத்தாவுக்கு இரவில் தூக்கமில்லை. "தம்பி, நீ ஒருக்கா அவனோட கதைச்சுப் பாரு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். வீட்டில் வைத்துக் கதைத்தால் அது உபதேசமாகிவிடும். கோமாரியில் என் பழைய சிநேகிதர் ஒருவருக்கு மீன்வாடி இருக்கிறது. அங்கே கூட்டிப் போனால் கதை தானாக வரும் என்று நினைத்தேன்.

மலையைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு என்ன தகுதி என்று அவன் கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம். மணலில் பிறந்து மணலில் அடங்குகிற ஆட்கள் நாங்கள். இலங்கையின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீற்றரில் இருக்கிறது. எங்கள் உச்சியைப் போல் இரண்டு மடங்குக்கு மேலே போன பிறகுதான் அங்கே "அடிவாரம்" தொடங்குகிறது. உச்சி 8,848.86 மீற்றர் என்று 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தன.

எங்கள் கரையோரத்தில் மலை என்றால் பாவா ஆதம் மலை. அதன் உயரம் 2,243 மீற்றர். 1344இல் இப்னு பதூதா அதில் ஏறிவிட்டு எழுதியதைப் படித்தால், இன்றைய இமயமலை வியாபாரத்தின் விதை முழுக்க அங்கேயே கிடக்கிறது. புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்குக் கொடுத்தான். வழி தெரிந்த யோகிகளையும் பிராமணர்களையும் தன் ஆட்களையும் கூட்டி அனுப்பினான். சாமான் சுமக்க மட்டும் 15 பேர். மலையில் இரண்டு பாதைகள்: ஒன்று ஆதமின் பெயரிலான பாவா பாதை, மற்றது ஹவ்வாவின் பெயரிலான மாமா பாதை. லேசான மாமா பாதையால் ஏறியவரை ஏறியவராகவே கணக்கெடுக்க மாட்டார்களாம். செங்குத்தான இடங்களில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள். அவற்றில் கடைசிச் சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்க்கிறவன் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் கலிமாவைச் சொல்லிவிடுவானாம். சுமக்க ஆள், பிடிக்கச் சங்கிலி, கஷ்டமான பாதைக்கே மதிப்பு. சங்கிலியை மலையில் பொருத்தியவர்களின் பெயரைப் பதூதாவும் எழுதவில்லை.

கோமாரியில் இறங்கி வாடிக்கு நடந்தோம். சிநேகிதர் வலை பொத்திக்கொண்டிருந்தார். "வாங்க காக்கா" என்று பாயை விரித்தார். பிளேன்டீ வந்தது. மருமகன் தன் போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். 2019 மே மாதம் நிர்மல் புர்ஜா எடுத்து உலகம் முழுக்கச் சுற்றிய படம்: எவரெஸ்ட் உச்சிக்குக் கீழே கத்தி விளிம்பு போன்ற முகட்டில், ஒரே கயிற்றில் கொளுவிக்கொண்டு, வண்ண வண்ணச் சட்டையோடு நூற்றுக்கணக்கானோர் வரிசையில். சிநேகிதர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதுல இடையில ஒருத்தன் விழுந்தா, பின்னால நிக்கிறவன் என்ன செய்வான் தம்பி?"

"எட்டாயிரத்துக்கு மேல ஆரையும் தூக்க ஏலா அங்கிள். தூக்கப் போனா ரெண்டு பேரும் முடிஞ்சாங்க."

அவன் சொன்னதில் பொய்யில்லை. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் இந்த வாடியில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். மூளை வீங்கியவனுக்குத் தன் மூளை வீங்குவது தெரியாது என்பதுதான் இதில் மோசம். இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று போய்க்கொண்டிருப்பான். அதனால்தான் உச்சி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கீழேயே நேரம் குறித்துவிட்டு ஏறுகிறார்கள். 1996 மே 10ஆம் திகதி குறித்த நேரம் கடந்தும் பலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவுப் புயலில் எட்டுப் பேர் போனார்கள். அதில் மூன்று பேர் வடக்குப் பக்கத்தால் ஏறிய இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள். அவர்களைத் தாண்டி ஒரு ஜப்பானியக் குழு உச்சிக்குப் போனதா, அவர்கள் இருந்த நிலை அக்குழுவுக்குத் தெரிந்ததா என்று பெரிய வழக்காடல் நடந்தது. எட்டாயிரம் மீற்றருக்கு மேலே ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற பொருளில் அக்குழுவில் ஒருவர் சொன்னது இன்றுவரை திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது.

2006இல் இரண்டு சம்பவங்கள், பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில். மே 15 அன்று டேவிட் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் உச்சிக்குக் கீழே ஒரு பாறைக் குடைவில் உறைந்துகொண்டிருந்தார். வழிகாட்டி இல்லை, ரேடியோ இல்லை, இரண்டே ஒட்சிசன் போத்தல். ஏறக்குறைய 40 பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். சிலர் நின்றார்கள், ஒட்சிசன் கொடுத்துப் பார்த்தார்கள். அவரால் எழும்ப முடியவில்லை. அதே மலையில் மே 26 காலை, முதல்நாள் இரவு செத்துவிட்டார் என்று கீழே அறிவிக்கப்பட்ட லிங்கன் ஹால், முகட்டில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். டான் மேசரும் கூட வந்தவர்களும் அவரைக் கண்டார்கள். உச்சி இன்னும் இரண்டு மூன்று மணி நேரத் தூரம். அவர்கள் உச்சியை விட்டார்கள், ஹால் பிழைத்தார்.

"அப்ப ஏலும்தானே?" என்றார் சிநேகிதர்.

மருமகன் அதற்கு 2023ஐ எடுத்தான். எங்களுக்கு நெருங்கிய கதை அது. மே 18 அன்று பால்கனி என்று சொல்லும் இடத்தில், ஏறக்குறைய 8,400 மீற்றரில், ஒரு கயிற்றைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தவர் ரவிச்சந்திரன் தருமலிங்கம். மலேசியத் தமிழர், முன்பே எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர். சீன வாடிக்கையாளர் ஒருவரை உச்சிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்த கெல்ஜே ஷெர்பா அவரைக் கண்டார். வாடிக்கையாளரிடம் பேசி அவருடைய பயணத்தை அங்கேயே நிறுத்தினார். பிறகு ரவிச்சந்திரனைப் பாயில் சுற்றி, முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும் சுமார் 600 மீற்றர் கீழே இறக்கினார். அதற்கு ஆறு மணி நேரம் பிடித்தது. பிறகு ங்கிமா தாஷி ஷெர்பா கைகொடுத்தார். மூன்றாம் முகாமிலிருந்து ஹெலிகொப்டர் எடுத்துப் போனது.

ரவிச்சந்திரன் முதலில் அனுசரணையாளர்களுக்கும் காப்புறுதிக் கொம்பனிக்கும் நன்றி எழுதினார், தூக்கிய மனிதரை எழுதவில்லை என்று உலகம் அவரைக் கிழித்தது. பிறகு நன்றி சொன்னார். சாவின் வாயிலிருந்து வந்தவனின் முதல் வசனத்தைப் பிடித்துக்கொண்டு கோபப்படுவதில் எனக்கு ஈடுபாடில்லை. இந்தக் கதையில் எனக்கு அதிகம் பிடித்தவர் அந்தச் சீனர். காசு கட்டி, உடம்பைப் பழக்கி, உச்சி கண்ணில் படும் இடத்தில் நின்று, தெரியாத ஒருவருக்காகச் சரி என்று சொன்னவர். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கெல்ஜே, 2021 ஜனவரியில் குளிர்காலத்தில் முதன்முதலாகக் கே2 உச்சியை எட்டிய பத்து நேபாளிகளில் ஒருவர். அப்படிப்பட்ட உடம்பு ஒன்று அந்த வழியால் வந்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சிநேகிதர் கடல் பக்கம் கையைக் காட்டினார். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி நியூ டயமண்ட் கப்பல் தீப்பிடித்தது இந்தத் திசையில்தான், சங்கமன்கண்டி முனையிலிருந்து 38 கடல் மைல். உள்ளே 2,70,000 தொன் மசகு எண்ணெய். கரை முழுக்க நாங்கள் எண்ணெய் வரப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தோம். கப்பலில் 23 பேர்; ஒருவர் இறந்தார், 22 பேர் காப்பாற்றப்பட்டார்கள். கடற்படையோடு, அந்தப் பக்கமாகப் போன ஒரு சரக்குக் கப்பலும் உதவிக்கு நின்றது. காயப்பட்ட பிலிப்பைன்ஸ்காரரைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஆபத்தில் இருப்பவரைப் பற்றித் தகவல் கிடைத்தால் கப்டன் போயாக வேண்டும், தன் கப்பலுக்கோ அதிலுள்ளவர்களுக்கோ பாரிய ஆபத்தென்றால் விலக்கு உண்டு என்பது சர்வதேசக் கடற்சட்டம். கோமாரித் தோணிக்காரருக்கு அந்தச் சட்டத்தின் இலக்கம் தெரியாது.

"எண்ணெய் ஏத்தக்குள்ள போக, வர எண்டு மட்டும் கணக்குப் பார்க்க மாட்டம் காக்கா. எஞ்சின் பழுதாகி நிக்கிற இன்னொரு போட்டக் கட்டி இழுக்கவும் சேர்த்துத்தான் ஏத்துவம். அண்டைய தொழில் போனாப் போனதுதான்."

மருமகன் மடக்கினான். "அப்ப சுனாமி அண்டு, அங்கிள்?"

கேட்கக் கூடாத இடத்தில் கேட்கக் கூடாத கேள்வி. 2004 டிசம்பர் 26 இந்த ஊரை என்ன செய்தது என்று கிழக்கில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சிநேகிதர் கோபிக்கவில்லை. "நானும் ஓடினவன்தான் தம்பி. ஓடக்குள்ள ஆரையும் பார்க்கல்ல. அந்த நாப்பது பேரையும் நான் பேச மாட்டன். ஆனா அண்டைக்குக் கடல்தான் எங்களிட்ட வந்த. நாங்க காசு கட்டி அதுக்கிட்டப் போகல்ல."

எனக்கு விஷயம் அங்கேதான் பிடிபட்டது. டேவிட் ஷார்ப்பைத் தாண்டிய 40 பேரின் கையில் அந்த நேரத்தில் அதிகம் இருந்திருக்காது. தன் மூச்சுக்கு வேண்டிய ஒட்சிசன், தன் காலுக்கு வேண்டிய பலம், அவ்வளவுதான். குற்றம் அதற்கு முன்பே, கீழே, காசு கைமாறிய மேசையில் நடந்து முடிந்துவிட்டது. ஒருவன் போய்வர மட்டும் அளந்து ஏற்றிய பயணத்தை விற்கிறார்கள். வாங்குகிறவனும் அதைத் தெரிந்துதான் வாங்குகிறான். விழுந்தவனுக்காக நிற்க மிச்சமில்லாமல் புறப்பட்டுவிட்டு, மேலே போனபின் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இடமில்லாமல் செய்துவிட்டுத்தானே ஏறினார்கள்.

அந்த மிச்சத்தையும் பெரும்பாலும் ஷெர்பாக்களின் முதுகில்தான் ஏற்றுகிறார்கள். வாடிக்கையாளர் எவரெஸ்ட் வழியிலுள்ள கும்பு பனியருவியை ஒரு பருவத்தில் சில தடவை கடந்தால், ஏணி கட்டி, கயிறு பொருத்தி, கூடாரமும் போத்தலும் சுமப்பவர்கள் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். 2014 ஏப்ரல் 18 அங்கே பனிச்சரிவில் செத்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். நேபாள அரசு முதலில் அறிவித்த உதவி, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். அன்றைய மதிப்பில் சுமார் 400 டொலர். ஷெர்பாக்கள் கொதித்தார்கள், அந்தப் பருவம் அதோடு நின்றது. ஏறும் அனுமதிக் கட்டணமோ அப்போதே ஆயிரக்கணக்கான டொலர். 2025 செப்டெம்பரிலிருந்து 15,000 டொலர்.

ஏறவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2016 மே 21 அன்று ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது, இலங்கையிலிருந்து முதல் ஆள் ஒரு பெண் என்று நானும் சந்தோசப்பட்டவன்தான். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் எடுப்பது கூடப்போன யொஹான் பீரிஸின் கதையை. ஒட்சிசன் பிரச்சினையால் 8,400 மீற்றரில் திரும்பினார். மிச்சம் 450 மீற்றர்கூட இல்லை. எங்கள் ஊர்க் கணக்கில் பள்ளிவாசலிலிருந்து கடற்கரைக்குப் போகிற தூரம். திரும்பி வந்த மனிதர் 2018 மே 22 அன்று மறுபடி போய் உச்சியைத் தொட்டார்.

பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "மாமா, உம்மாக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டான். அடிவாரம் வரை நடக்கட்டும் என்று சொல்லப் போகிறேன் என்றேன். பெரிய மலை பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வளைகுடாவிலிருந்து லீவில் நேபாளம் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் இப்போது கூடிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு கட்ட முன் கொம்பனியிடம் கேளுங்கள்: என் சாமானைச் சுமப்பவருக்குக் காப்புறுதி எவ்வளவு? அவர் முதுகில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டீர்கள்தானே? எனக்கு வருத்தம் வந்தால் என்னைக் கீழே இறக்குவது யார்? அவருக்கு வருத்தம் வந்தால் அவரை இறக்குவது யார்? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராத கொம்பனிக்கு ஒரு ரியாலும் கட்ட வேண்டாம்.