7ஆம் படுக்கை

மார்ச் 3, செவ்வாய்
வயிற்றில் ஒட்டிய மலப்பையை மாற்றும்போது பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நீயே பாத்துக்க தாயி." கூட வந்திருந்த அம்மா மட்டும் கிட்டே வந்தாள். குடல் வாய் உதட்டின் உட்பக்கம் மாதிரித்தான் ஐயா, சிவப்பா, ஈரமா இருக்கு, தொட்டா வலிக்காது என்றேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு விண்டுபோகிறது எனக்கு.

மார்ச் 4
பார்க்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் குடல் அடைத்து வந்த ஆள். கட்டி உள்ளேயே இருக்கிறது, மலம் வெளியேற வயிற்றில் வழி மட்டும் வைத்திருக்கிறார்கள். உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியச் சொல்லிப் பேனாவால் இடம் குறிக்க நேரமில்லை. அந்தக் குடல் வாய், ஸ்டோமா, சரியாக வேட்டிக் கட்டில் வந்து நிற்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

மார்ச் 5
பார்க்கவில்லை. பையைத் தோலில் ஒட்டும் ஃபிளேஞ்சை வெட்ட அந்த அம்மா கற்றுக்கொண்டாள். ஸ்டோமா 32 மில்லிமீட்டர், ஓட்டை 34. ரவிக்கை வெட்டிப் பழகிய கை, பிசிறே இல்லை. சந்தோஷம். அப்புறம் பயம். இவள் கற்றுக்கொண்டால் அவர் கற்கவே மாட்டார். இவள் ஊரில் இல்லாத அன்று?

மார்ச் 6
விடியற்காலை மேல் ஓரத்தில் கசிவு. வேட்டி, மெத்தை எல்லாம். பக்கத்துப் படுக்கைக்காரர் மூக்கைப் பொத்தினார். பெரியவர் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. டெட்டால் எடுத்து வந்த பெண்ணிடம் கத்திவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், எத்தனை தடவை சொல்வது. பாவம், புதுசு.

மார்ச் 7
காலையில் கசிவு. அதே மேல் ஓரம். மடிப்பில் பேஸ்ட் வைத்து நிரப்பினேன். சாயங்காலம் மறுபடி. வெயில், வியர்வை, என்னவென்றே புரியவில்லை. 3, 4 நாள் தாங்க வேண்டிய ஃபிளேஞ்ச், ஒரே நாளில் 2 போச்சு. அந்த அம்மா காதில் இன்று தோடு இல்லை. கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
லீவு. துணி துவைத்தேன். அந்த மேல் ஓரமே ஞாபகம்.

மார்ச் 9
அரைஞாண் கயிறு! தியேட்டரில் அறுத்துவிட்டார்கள் என்று வியாழன் ராத்திரி அந்த அம்மா புதுசு கட்டிவிட்டிருக்கிறாள். அவர் உட்கார்ந்தால் அது ஃபிளேஞ்ச் விளிம்பை நெம்புகிறது. தினமும் அதைத் தள்ளிவிட்டுத்தான் வேலை பார்த்தேன். பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நானும்தான் பார்க்கவில்லை.
அவிழ்க்கவா என்றேன். கையைத் தட்டிவிட்டார்.

மார்ச் 10
அவரே அவிழ்த்தார். முடிச்சு பையை ஒட்டி இருந்தது. குனிந்தால் பார்க்காமல் முடியாது. பார்த்தார். ரொம்ப நேரம். "இதுதானா?" விரல் நுனியால் தொட்டார். "சூடா இருக்கு தாயி."
கயிற்றைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டார். மத்தியானம் எனக்குச் சோறு இறங்கியது.

மார்ச் 11
ஃபிளேஞ்சை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடாக்கி, ஒட்டி, 60 எண்ணும்வரை அழுத்தச் சொன்னேன். 100 எண்ணினார். பையின் கிளிப்பை மாட்ட மறந்துவிட்டார். தரையெல்லாம். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன். திரும்பவில்லை. மூணுல ஒரு பங்கு நெறஞ்சதும் காலி பண்ணிடணும், கனத்தா இழுக்கும் என்றேன். "கமலைச் சால் மாதிரி" என்றார். அதேதான் ஐயா.

மார்ச் 12
கசியவில்லை. முழங்கால் வலி.

மார்ச் 13, வெள்ளி
டிஸ்சார்ஜ். அந்த அம்மா கை நீட்டினாள், வேண்டாமென்று தானே பை மாற்றினார். 40 நிமிஷம். ஓரத்தில் ஒரு சுருக்கம். நான் கை வைக்கவில்லை, அவரே நீவிவிட்டார். ஸ்டோமா சுருங்கும், வாராவாரம் அளந்து வெட்டணும். கறுத்தால் உடனே வரணும். 6 வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, கரும்புக்கட்டுப் பக்கமே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியானதற்கு மட்டும் அரைகுறையாக.
உசிலம்பட்டி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.
3ஆம் படுக்கைக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். நாளைக் காலை இடம் குறிக்க வேண்டும். வேட்டியும் அரைஞாணும் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்ல வேண்டும்.