நீலச் சட்டை

என் தங்கை மகன் வீடியோ விளையாட்டில் மூழ்கியிருந்தான். திரையில் தொப்பியும் மீசையுமாக ஒரு குள்ளன் துள்ளிக் கொண்டிருந்தான். போன விடுமுறையிலும் அதே உடுப்புத்தான்.

"பாவம், இவனுக்கு மாற்றுச் சட்டை கிடையாதோ?" என்றேன்.

"மாற்றினால் மாரியோ என்று எப்படித் தெரியும், மாமா?"

பிறகு விசாரித்தேன். 1981-இல் ஜப்பானில், நின்டெண்டோ கம்பெனிக்காக மியாமோட்டோ அவனை வரைந்தபோது உருவத்துக்குக் கிடைத்தது 16 புள்ளி உயரமே. வாய்க்கு இடமில்லை, மீசை வைத்தார். தலைமயிர் வரையச் சிரமம், தொப்பி போட்டார். கைவீச்சுத் தெரிய வேண்டுமே! சட்டைக்கு ஒரு நிறம், தோள்வார் வைத்த கால்சட்டைக்கு வேறு நிறம். எல்லாம் இல்லாமை செய்த அலங்காரம். பின்னாளில் வந்த விளையாட்டுகளில் வேறு உடுப்புகளும் உண்டாம். பயலுக்கு அவை பிடிக்கவில்லை.

கல்லூரியில் இரண்டு வருஷமும் எனக்கு ஒரே நீலச் சட்டை. இரவில் துவைத்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவேன். முதல் கதைக்குச் சன்மானம் வந்ததும் அதைப் பாத்திரக்காரியிடம் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் பழைய வகுப்புத் தோழன் ஒருவனைக் கண்டேன். பட்டு ஜிப்பாவோடு எதிரே போய் நின்றேன். விழித்தான். பெயரைச் சொன்னேன், அப்போதும் விழித்தான். கடைசியில் நானே, மெதுவாக, "நீலச் சட்டை" என்றேன்.

"அடடா, நீயா!" என்று கட்டிக்கொண்டான்.