கோட்டை வாசலும் கடைவீதியும்: தில்லியில் குடும்பச் சுற்றுலா

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குச் செல்லும் குடும்பங்கள் பல, செங்கோட்டை, இந்தியா கேட், குதுப் மினார், தாமரைக் கோயில் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மூன்று வேளையும் இட்லி, தோசை கிடைக்கும் உணவகத்தைத் தேடி அலைந்து களைத்துப்போகின்றன. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அரசுகள் அடுத்தடுத்து எழுப்பிய பல நகரங்களின் தொகுதியே தில்லி என்பதால், நாளுக்கு ஒரு நகரம் என வகுத்துக்கொண்டு, பார்க்கும் இடத்துக்கு அருகிலேயே அவ்விடத்து உணவை உண்பதே முதியோரும் சிறுவரும் உடன்வரும் குடும்பங்களுக்கு ஏற்ற முறையாகும்.

முதல் நாளைப் பழைய தில்லிக்கு ஒதுக்குவது நன்று. முகலாயப் பேரரசர் ஷாஜகான் தம் தலைநகரை ஆக்ராவிலிருந்து மாற்ற எண்ணி, 1639-இல் தொடங்கி 1648-இல் முடித்த செங்கோட்டையும், அதை ஒட்டி மதிலுக்குள் எழுந்த ஷாஜகானாபாத்தும் இப்பெயரால் வழங்குகின்றன. கோட்டையின் லாகூர் வாயிலைக் கடந்ததும் சத்தா சவுக் என்னும் கூரையிட்ட கடைத்தெரு வருகிறது; அதைத் தாண்டினால், பேரரசர் மக்களின் குறைகளைக் கேட்ட திவான்-இ-ஆம் என்னும் பொது மண்டபத்தின் செந்நிறத் தூண் வரிசையைக் காணலாம். வாயிலுக்கு நேரெதிரே மேற்கு நோக்கி நீளும் சாந்தினி சவுக் கடைவீதியை வகுத்தவர் ஷாஜகானின் மகள் ஜகானாரா. அதன் நடுவே ஒரு காலத்தில் கால்வாய் ஓடியது. 2021-இல் சீரமைக்கப்பட்டபின் பகல் நேரத்தில் மோட்டார் வண்டிகளுக்கு இங்குத் தடை இருப்பதால், நடக்க இயலாத முதியோரைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் அமர்த்தி நிதானமாக அழைத்துச் செல்லலாம்.

இவ்வீதியிலிருந்து பிரியும் பராந்தே வாலி கலி என்னும் குறுகிய சந்தில் பராத்தா செய்யப்படுவதைச் சிறுவர்கள் அருகில் நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பரோட்டாவைப் போல மைதாவை வீசி மடிக்காமல், கோதுமை மாவு உருண்டைக்குள் உருளைக்கிழங்கு, பட்டாணி, முள்ளங்கி முதலியவற்றில் ஒன்றைப் பூரணமாக வைத்துத் தேய்த்து, தோசைக்கல்லில் சுடாமல், இரும்பு வாணலியில் நெய்யை நிறைய விட்டுப் பொரித்தெடுக்கிறார்கள். அதனுடன் இனிப்பும் புளிப்பும் கலந்த சட்னி, பரங்கிக்காய்க் கறி, ஊறுகாய் ஆகியவை வருகின்றன. வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைப்பதே இச்சந்தின் மரபு என்பது, சைவ உணவில் கண்டிப்பான பெரியவர்களுக்கு ஆறுதலான செய்தி. குளிர்காலமாயின் தௌலத் கி சாட்டைத் தவறவிடலாகாது. பாலைக் கடைந்து திரளும் நுரையை மட்டும் வழித்தெடுத்து, குங்குமப்பூவும் சர்க்கரையும் தூவித் தரும் இவ்வினிப்பு, வெயில் ஏறினால் அமுங்கிவிடும் என்பதால் காலையில் உண்பதே சிறந்தது. புலால் உண்போர் 1656-இல் நிறைவுற்ற ஜும்மா மசூதியைப் பார்த்துவிட்டு, அதன் அருகே 1913 முதல் இயங்கும் கரீம்ஸ் போன்ற உணவகங்களில் முகலாயச் சமையலின் தொடர்ச்சியைச் சுவைக்கலாம்.

தில்லியில் ஒரு குடும்பம் பெறக்கூடிய மிகச் சிறந்த உணவு விலைக்குக் கிடைப்பதன்று. சீக்கியரின் எட்டாம் குருவாகிய ஹர் கிரிஷன் 1664-இல் தங்கியிருந்த மாளிகை, பங்களா சாகிப் குருத்வாராவாக இன்று விளங்குகிறது. அங்கு நாள்தோறும் லங்கர் என்னும் பொதுப் பந்தி நடைபெறுகிறது. தலையைத் துணியால் மூடி, காலணியைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே சென்றால், சாதி, மதம், செல்வம் என எவ்வேறுபாடும் பாராது அனைவரையும் தரையில் விரித்த பாயில் ஒரே வரிசையில் அமர்த்துகிறார்கள். ரொட்டி பரிமாறுபவர் அருகில் வரும்போது இரு கைகளையும் ஏந்திப் பெற்றுக்கொள்வது வழக்கம். பருப்பு, காய்கறி, ரொட்டி என உணவு எளியதே எனினும், உண்டபின் அடுக்களைப் பக்கம் சென்று ரொட்டி தேய்க்கவோ தட்டுக் கழுவவோ எவரும் உதவலாம். சமத்துவம் பற்றிப் பாடநூலில் மட்டும் படித்த பிள்ளைகள் அதை இங்குக் கண்ணால் காண்கிறார்கள்.

1911-இல் அறிவிக்கப்பட்டு 1931-இல் திறந்துவைக்கப்பட்ட புது தில்லியை மாலையில் பார்த்தால் போதும். 42 மீட்டர் உயரமுள்ள இந்தியா கேட்டைச் சூழ்ந்த புல்வெளியில் பிள்ளைகள் ஓடியாடலாம். மாநில அரசுகளின் விருந்தினர் இல்லங்களில் சில, பொதுமக்களுக்கும் உணவு வழங்குகின்றன; ஆந்திர பவனில் கிடைக்கும் சாப்பாடு, சோற்றுக்கு ஏங்குவோரின் ஏக்கத்தைத் தீர்க்கும்.

தெற்கே மெஹ்ரௌலியில் 72.5 மீட்டர் உயர்ந்து நிற்கும் குதுப் மினாரின் உட்படிகள் 1981-இல் நேர்ந்த நெரிசல் விபத்துக்குப்பின் மூடப்பட்டுவிட்டன. எனவே அதன் வளாகத்திலுள்ள இரும்புத் தூணில் கூடுதல் நேரம் செலவிடலாம். குப்தர் காலத்தைச் சேர்ந்த அத்தூண் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரிதும் துருப்பிடிக்காதிருப்பதற்கு, அவ்விரும்பில் கலந்துள்ள பாஸ்பரஸ் மேற்பரப்பில் உருவாக்கிய காப்புப் படலமே காரணம் என உலோகவியலார் விளக்குகின்றனர். திரும்பும் வழியில், ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின்மேல் தமிழர் எழுப்பிய சுவாமிநாதசுவாமி கோயிலில், அதாவது மலை மந்திரில், வழிபடலாம்.

சாந்தினி சவுக், குதுப் மினார் ஆகிய இரண்டுக்கும் மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் நிலையங்கள் இருப்பதால் வாடகைக் காருக்குப் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் கிடையாது. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே பயணத்துக்கு உகந்தவை. செங்கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடப்பட்டிருக்கும் என்பதால், அந்த நாளைக் குருத்வாராவுக்கும் அங்குள்ள பந்திக்கும் ஒதுக்கிக்கொள்க.