தேள் கொடுக்கு உள்ள பேச்சு

ஒரு படப் புத்தகம் குழந்தையின் மனதில் நிலைப்பது எதனால்? வழவழப்பான தாள், பளீர் வண்ணம் என்று பதிப்பாளர்கள் சொல்வார்கள். போடிமெட்டு அடிவாரக் காலனியில் மாலை வகுப்பு நடத்தும் நாங்கள் கண்டது வேறு.

2011இல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணா’ அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் சித்திர நூல். தமிழிலும் வந்திருக்கிறது. வரைந்தவர்கள் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். பள்ளியில் சிறுவன் பீமுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டதும், 1901இல் மசூர் ரயில் நிலையத்தில் சாதி தெரிந்ததும் வண்டி கிடைக்காமல் நின்றதும் அதில் உண்டு. சாதித் திமிரோடு பேசுகிறவர்களின் வார்த்தைகளைச் சுற்றி வரைந்த கோட்டுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களின் பேச்சு பறவை வடிவில் வரும்.

இதை நாங்கள் விளக்கவே இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரலை வைத்து, “இது கொட்டுற பேச்சு” என்றாள். சில வாரம் கழித்து, கடையில் ஒருவர் “நீ அந்தத் தெருவா?” என்று கேட்டதைச் சொன்ன பையனிடம் மற்ற பிள்ளைகள், “அது தேள் பேச்சுடா” என்றார்கள்.

அவமானம் எப்போதும் அடிபட்டவர் மேலேயே தங்கிவிடுகிறது. அந்தப் படமோ விஷம் பேசியவர் வாயில் இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தது. புத்தகத்தை மூடிய பிறகும் தெருவில் பயன்படும் ஒரு பார்வையைக் கொடுத்ததால்தான் அது நிலைத்தது.

காஞ்சா அய்லய்யா உழைப்பின் மாண்பைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதி 2007இல் வந்த ஆங்கில நூலுக்கும் துர்காபாய்தான் ஓவியர். தோல் பதனிடுவது, பானை வனைவது, துணி வெளுப்பது, முடி திருத்துவது எல்லாம் அதில் அறிவாக நிற்கின்றன. அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது ஒரு சிறுமி கேட்டாள்: “எங்கம்மா காய் எடுக்குறது எந்தப் பக்கத்துல அக்கா?”

அவள் அம்மா விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கேரள ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். ஏலக்காய் தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் உட்கார்ந்தும், பிஞ்சை விட்டு விளைந்ததை மட்டும் எடுக்க வேண்டும். அவளுக்குக் காட்ட எங்களிடம் பக்கம் இல்லை.

தோழர்களே, அந்தப் பக்கத்தை நாம்தான் உருவாக்க வேண்டும். அந்தத் தாய்மார்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு வரையுங்கள். பரிதாபத்தை வரைய வேண்டாம். எது பிஞ்சு, எது விளைந்தது என்று அந்த விரல்களுக்குத் தெரியுமே, அதை வரையுங்கள்.