நாற்பது எழுத்துத் திரைக்கு எந்த விரிதாள்?

மார்ச் 4

பழைய ஆப்பிள் 2 பிளஸ் கணினியில் வீட்டுக் கணக்குப் போட ஒரு விரிதாள் நிரலைத் தேர்ந்தெடுக்கும்போது, எதில் வசதி அதிகம் என்று எண்ணிப் பார்ப்பது தவறான வழி என்பது என் கருத்து. அப்படி எண்ணினால் மைக்ரோசாஃப்ட் 1982-இல் வெளியிட்ட மல்டிபிளான் எளிதாக வென்றுவிடும். அதில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனி அகலம் வைக்கலாம், கட்டங்களுக்குப் பெயர் சூட்டலாம், ஒரு தாளின் எண்ணை இன்னொரு தாளில் எடுத்தாளலாம். 1979-இல் வந்த விசிகால்க்கில் இவை எதுவும் கிடையாது. ஆனால் கணினியின் கொள்ளளவை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 செயலி, 48 கிலோபைட் நினைவகம், வரிக்கு 40 எழுத்து வீதம் 24 வரி காட்டும் திரை. இவ்வளவுதான் கையிருப்பு.

வட்டிவிகிதத்தை ஒரு புள்ளி கூட்டினால் மாதத் தவணை எவ்வளவு ஏறும் என்று கேட்டவுடன் விடை வர வேண்டும். டான் பிரிக்ளின் விசிகால்க்கைக் கற்பனை செய்ததே இதற்காகத்தான். பாப் ஃபிராங்க்ஸ்டன் அதை 6502-இன் அசெம்பிளி மொழியிலேயே எழுதினார். அதனால் அது 32 கிலோபைட் கணினியிலும் ஓடியது, இருந்த சிறு செயலியையும் முழுமையாகப் பயன்படுத்தியது. மிச்சமுள்ள நினைவகத்தைத் திரையின் வலது மேல் மூலையில் எப்போதும் காட்டியும் வந்தது. மல்டிபிளானை அதன் ஆசிரியர்கள் பலவகைக் கணினிகளுக்கும் பொதுவாக, பி-கோடு எனும் இடைநிலை வடிவில் அமைத்தார்கள். அந்த வடிவம் இடத்தைச் சேமிக்கும். ஆனால் ஓடும்போதே ஒவ்வொரு கட்டளையாகப் பொருள்கொள்ள வேண்டியிருப்பதால் நேரத்தைத் தின்னும். தாள் பெரிதாகிக் காத்திருப்பு நீண்டால் தானியங்கிக் கணக்கீட்டை நிறுத்திவைக்கத் தோன்றும். நிறுத்திவிட்டால் திரையில் நிற்பது பழைய எண்ணா புதிய எண்ணா என்ற சந்தேகம் கூடவே வரும்.

மார்ச் 5

இந்தக் கணினிக்கு விசிகால்க்கே பொருத்தம் என்ற என் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் உண்டு, இரண்டும் வலுவானவை. முதலாவது அகலம். ஒன்பது எழுத்து அகலம் வைத்தால் விசிகால்க் நான்கு நெடுவரிசைகளைத்தான் ஒரே நேரத்தில் காட்டும். செலவின் பெயர் முழுதாகத் தெரிய முதல் நெடுவரிசையை அகலப்படுத்தினால் மற்ற எல்லாமும் சேர்ந்து அகலும். ஆனால் திரையை இரு சாளரங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தனி அகலம் வைக்க முடியும்: இடப்பக்கம் பெயர்களுக்கு அகலமாக, வலப்பக்கம் தொகைகளுக்குக் குறுகலாக. வரிசை எண்கள் இரண்டு முறை வருவதால் கொஞ்சம் இடம் வீணாகும். முழு ஈடு அல்ல என்றாலும் வீட்டுக் கணக்குக்குப் போதும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. விசிகால்க் சூத்திரங்களை நெடுவரிசை நெடுவரிசையாகவோ கிடைவரிசை கிடைவரிசையாகவோதான் கணக்கிடும். எது எதைச் சார்ந்தது என்று பார்ப்பதில்லை. மல்டிபிளான் சார்பறிந்து கணக்கிடும். ஆகவே விசிகால்க்கில் மேலே உள்ள சூத்திரம் கீழே உள்ள விடையைக் கேட்டால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பழைய எண் நின்றுவிடலாம். வீட்டுப் பணத்தைப் பொறுத்தவரை இது சிறிய குறை அல்ல. ஆச்சரியக்குறி விசையை மறுபடி அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்ற பதில் எனக்குப் போதவில்லை, ஏனென்றால் மறுபடி அழுத்த வேண்டும் என்று தெரிந்தவர்தான் அழுத்துவார். தாளை அமைக்கும் முறையில்தான் பாதுகாப்பு இருக்கிறது. வருமானமும் வட்டிவிகிதமும் இடது மேல் மூலையில், கணக்குகள் அவற்றுக்குக் கீழும் வலமும், கூட்டுத்தொகை கடைசியில். காகிதப் பேரேடு எழுதியவர்களுக்கு இது பழகிய ஒழுங்கு. வரவு செலவு, கடன் தவணை, மின்கட்டணம் எல்லாம் இந்த ஒழுங்கில் அடங்கும். பின்னிப்பிணைந்த நிறுவனக் கணக்கானால் மல்டிபிளானையே சொல்வேன்.

ஆப்பிள் 2 பிளஸ் விசைப்பலகையில் மேல், கீழ் அம்புக்குறிகள் இல்லாததால் இடவெளி விசையை அழுத்தித் திசை மாற்ற வேண்டியிருப்பது தொல்லைதான். ஆனால் அது பழகிவிடும்.

மார்ச் 7

கணினி மாறினால் என் தேர்வும் மாறும். 1984-இல் வந்த ஆப்பிள்வொர்க்ஸ் விரிதாள் 64 கிலோபைட் ஆப்பிள் 2இ-யில் ஓடும், ஆனால் நம் தாளுக்கு மிஞ்சுவது சுமார் 10 கிலோபைட்தான். அங்கே நான் விசிகால்க்கை விட்டு நகர மாட்டேன். 128 கிலோபைட் இருந்தால் 55 கிலோபைட் அளவு கிடைக்கும். 127 நெடுவரிசை, 999 கிடைவரிசை, தனித்தனி அகலம், 80 எழுத்துத் திரை. தயங்க ஒன்றுமில்லை. கணக்கிடும் வரிசை அதிலும் பழைய முறையே என்பதால் தாளை ஒழுங்காக அமைக்கும் பழக்கம் தொடர வேண்டும். பழைய விசிகால்க் கோப்புகளை அது நேரடியாகவே படிக்கும். அவை டாஸ் 3.3 எனும் பழைய இயங்குதளத்தின் வட்டில் இருந்தால் மட்டும் முதலில் ஆப்பிள்வொர்க்ஸ் பயன்படுத்தும் புரோடாஸ் வட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.